ஒவ்வாமையில் வெள்ளை அணுக்களின் வேலை



அண்ணனும் தம்பியும் ஒரே இறால் சம்பலைச் சாப்பிடுகிறார்கள். கால் மணி நேரத்தில் அண்ணனுக்கு உதடு தடித்து, உடம்பெல்லாம் அரிக்கிறது. தம்பிக்கோ ஒன்றுமில்லை. “ரத்தம் கெட்டுவிட்டது” என்பார்கள் நம் பெரியவர்கள். உண்மையில் நம்மைக் காக்கும் அணுக்களே இங்கு இறாலைப் பகைவனென்று எண்ணிவிடுகின்றன.

முதன்முறை இறால் உடம்பினுள் சென்றபோதே, லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவு அதற்கெதிராக ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடுகிறது. அப்போது வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. அந்த எதிர்ப்பொருள் மாஸ்ட் அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மாஸ்ட் அணு ரத்தத்தில் ஓடுவதில்லை. தோலிலும் மூச்சுக் குழாயிலும் குடலிலும் குடியிருப்பது. மறுமுறை இறால் வந்ததும் தன்னுள் இருக்கும் ஹிஸ்டமினை நிமிடக் கணக்கில் கொட்டிவிடுகிறது. தடிப்பும் தும்மலும் அதனால்தான். பெலாச்சானும் கூனி இறாலில் செய்வதே என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அங்கே அட்ரினலின் ஊசி போடுவார்கள்.

பேசோபில் என்பதும் ஹிஸ்டமின் சுமப்பதுதான். ஆனால் இது ரத்தத்தில் திரிவது, நூறு வெள்ளை அணுக்களில் ஒன்றுகூடத் தேறாது.

இயோசினோபிலின் போக்கே வேறு. இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்வதால் வந்த பெயர் இது. ஜெர்மனியின் பால் எர்லிக் 1879-இல் இதனை விவரித்தார். நூற்றுக்கு ஒன்று முதல் நான்கு வரை இருக்கும். மாஸ்ட் அணு விடுக்கும் அழைப்பைக் கேட்டு, சில மணி நேரம் கழித்தே மூச்சுக் குழாய்க்கு வந்து சேரும். வந்தால் எளிதில் போகாது. அதன் துகள்களிலுள்ள புரதங்கள் குழாயின் உட்சுவரையே அரித்துப் புண்ணாக்கும்.

ஆஸ்துமா பிள்ளையின் தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மாலையில் மெத்தையைத் தட்டிய தூசியால் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது. மூச்சுக் குழாயை விரிக்கும் மருந்தை இழுத்ததும் அடங்குகிறது. நள்ளிரவில் மீண்டும் இழுக்கிறது! “மருந்து சரியில்லை” என்கிறோம். அந்த மருந்து இறுகிய தசையைத் தளர்த்தியது உண்மை. பின்னால் வந்த இயோசினோபில் கூட்டத்தை அது விரட்டாது. அதற்கென மருத்துவர் தரும் ஸ்டீராய்டு இழுப்பு மருந்து வேறு. அதை நாள்தோறும் எடுக்க வேண்டும். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று நாமாக நிறுத்திவிட்டால், அக்கூட்டம் சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

இன்னொன்று. ரத்தச் சோதனைத் தாளில் இயோசினோபில் கூடியிருந்தால் “இஸ்னோபீலியா நோய்” என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அது ஓர் எண்ணிக்கைதான். இந்த அணு புழுக்களை எதிர்ப்பதிலும் பங்கு கொள்வது. செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்த பிள்ளையின் காலில் கொக்கிப்புழு ஏறினாலும் அது கூடும். மருத்துவர் மலத்தையும் சோதிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் கொடுத்தனுப்புங்கள்.