சொல்லிவிட்டு வரட்டும்

2021 ஏப்ரல் 7 அன்று ஜான் பால் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், லட்சத்தீவுக்கு மேற்கே சுமார் 130 கடல் மைல் தொலைவில், நமது தனியுரிமைப் பொருளாதார மண்டலத்துக்குள் புகுந்து போனது. இந்தியாவிடம் ஒப்புதல் கேட்காமலே போனோம் என்று அவர்களுடைய ஏழாவது கடற்படைப் பிரிவு ஊரறிய அறிக்கையும் விட்டது. அன்று கொதித்தவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. 130 மைல் என்பது நமது எல்லைக் கடல் அல்ல; அங்கே ராணுவப் பயிற்சிக்கு ஒப்புதல் வேண்டும் என்ற வழக்கு தனி. நான் பேச வந்தது கரையை ஒட்டிய 12 கடல் மைலைப் பற்றி, அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டரைப் பற்றி. அங்கே நமது 1976-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன சொல்கிறது? தீங்கு செய்யாத வணிகக் கப்பல் தாராளமாகப் போகலாம். போர்க்கப்பல் முன்கூட்டி அறிவித்துவிட்டுப் போகலாம். நீர்மூழ்கி மேலே வந்து கொடி காட்டிப் போக வேண்டும். சீனாவின் 1992 சட்டம் போர்க்கப்பலை அனுமதி வாங்கச் சொல்கிறது. நாம் தகவல்தான் கேட்கிறோம். அதுவும் கூடாது என்கிறது வாஷிங்டன். 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை நாம் 1995-இல் ஏற்றோம். அமெரிக்கா இன்றுவரை அதில் சேரவில்லை!

அந்த உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் வழி விடுகிறதே, முன்னறிவிப்பு என்ற பேச்சே இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் 19-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆயுதப் பயிற்சி, உளவு, விமானத்தை ஏவுதல் எல்லாம் தீங்கு என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அத்தகைய கப்பலைத் தடுக்கும் உரிமையை 25-ஆம் பிரிவு கரை நாட்டுக்குத் தருகிறது. வருவதே தெரியாவிட்டால் எதைத் தடுப்பது? 1982 ஏப்ரலில், அந்த உடன்படிக்கையை உருவாக்கிய மாநாட்டில், கரை நாட்டின் பாதுகாப்புக்காகத் திருத்தம் கொண்டுவந்த நாடுகள், பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கும் தங்கள் உரிமைக்குப் பங்கமில்லை என்று பதிவு செய்துதான் வாக்கெடுப்பை வற்புறுத்தாமல் விட்டன.

நமது கப்பலும் வெளிக்கடலுக்குப் போகிறதே என்பது அடுத்த கேள்வி. 2011 ஜூலையில் வியட்நாம் கரையிலிருந்து 45 கடல் மைலில் சென்ற நமது ஐராவத் போர்க்கப்பலை, சீனக் கடலுக்குள் வருகிறாய் என்று வானொலியில் ஒரு குரல் மிரட்டியது. அது எவருடைய 12 மைலும் அல்ல. அங்கே கடந்து போவதற்குத் தகவல் கேட்க எவருக்கும் உரிமையில்லை. பிறருடைய 12 மைலுக்குள் போகும்போது நாமும் தகவல் கொடுப்போம். 2008 நவம்பரில் குபேர் படகைக் கடத்தி மும்பைக்கு வந்த பயங்கரவாதிகள் அறிவித்துவிட்டா வந்தார்கள் என்றும் கேட்கலாம். கொலைகாரனைப் பிடிப்பது கடலோரக் காவலின் வேலை. இந்த விதி அரசாங்கங்களுக்கு. தவறான கணிப்பால் பீரங்கி திரும்பாமல் இருப்பதற்கு. டிராம்பேயில் சுத்திகரிப்பு ஆலைகளும் பாபா அணு ஆராய்ச்சி மையமும், இந்தப் பக்கம் மசகான் கப்பல் கட்டும் தளமும் கடற்படைத் தளமும் இருக்கும் ஊர் நமது மும்பை. இங்கே ஒரு தவறான கணிப்புக்கு விலை என்னவென்று டிராம்பேயை ஒட்டி வாழும் செம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டெல்லிக்கு நமது கோரிக்கை இதுதான்: எந்த நட்புக்காகவும் எந்த ஒப்பந்தத்துக்காகவும் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒரு வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். நண்பன் என்றால், ஒரு தகவல் அனுப்புவதில் அவனுக்கு என்ன கௌரவக் குறைவு?