தரையில் எழுதிய விரல்



நம் திருவண்ணாமலைக் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளை இன்றும் வாசிக்கலாம். நாம் கைபேசியில் எழுதுவதும் கல்லெழுத்தைப் போன்றதே. நாம் அழித்தாலும் பிறர் எடுத்துவைத்த நகல் நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2014-ல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்த ஒருவருடைய பெயர், தீர்ப்பின் நகலோடு இணையதளத்தில் நின்றது. அதனால் தமக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைக்கவில்லை என்று அவர் முறையிட்டார். 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் பெயரை நீக்கச் சொன்னார்கள். ஜூலையில் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

விடுதலையானவருக்கே இவ்வளவு பாடு என்றால், தவறு செய்து மனந்திரும்பினவருடைய நிலை என்ன? அந்தப் பாரத்தோடு உறக்கமின்றிக் கிடப்பவர்களை நம் வார்டுகளிலும் காண்கிறோம்.

யோவான் 8-ஆம் அதிகாரத்தில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் முன் ஆண்டவர் குனிந்து, விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று வேதம் சொல்லவில்லை. அவளை அவர் தண்டிக்காமல் அனுப்பினார் என்பதைச் சொல்கிறது.

சட்டம் தன் வழியில் தீர்க்கட்டும். பிறருடைய பழைய குற்றம் வாட்ஸ்அப்பில் நம்மிடம் வந்தால், அதை அடுத்தவருக்கு அனுப்பாதிருப்போம். அதற்கான கிருபையை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.