நில்-னு சொன்னா நிக்கணும்ல?

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் என் லேப்டாப் ஃபேன். போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி அது மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பிச்சுது.

அப்போ நான் பொழுதுபோக்குக்காக ஒரு குட்டி ஸ்கீம் இன்டர்ப்ரெட்டர் எழுதிட்டு இருந்தேன். அது ஓரளவு ஓடினதும் பேராசை வந்துடுச்சு. காலேஜ்ல இருந்தே என் எடிட்டர் ஈமேக்ஸ்தான். அதோட செட்டிங்ஸ் எல்லாம் ஈமேக்ஸ் லிஸ்ப்ல இருக்கும், சுருக்கமா எலிஸ்ப். ஸ்கீமும் லிஸ்ப் குடும்பம்தான், ரெண்டுலயும் அதே அடைப்புக்குறி மழைதான். எலிஸ்பை ஸ்கீமா மாத்திக் கொடுத்தா என் இன்டர்ப்ரெட்டரே அதையும் ஓட்டிடுமே? மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம்னு நினைச்சேன்.

முதல் அடி பெயர்கள்ல விழுந்துச்சு. "படியில உக்காந்து படி"ன்னு சொன்னா நமக்குக் குழப்பமே வராது. ரெண்டும் ஒரே சொல்தான், ஆனா இருக்கிற இடத்தை வச்சே எது பொருள், எது செயல்னு புரிஞ்சிடும். எலிஸ்ப் அப்படித்தான். 'லிஸ்ட்'ங்கிற பேர்ல ஒரு ஃபங்ஷனும் ஒரு வேரியபிளும் சண்டையில்லாம இருக்கலாம். ஸ்கீம்ல ஒரு பேருக்கு ஒரே அர்த்தம்தான். இதுக்கு வழி சுலபம். ஃபங்ஷனுக்கு ஒரு டேபிள், வேரியபிளுக்கு ஒரு டேபிள்னு பிரிச்சு வச்சேன், சரியாப் போச்சு.

அடுத்தது 'நில்'. ஃபேன் கத்தினது இங்கதான்.

எலிஸ்ப்ல 'நில்'ங்கிற ஒரே மதிப்புக்கு ரெண்டு வேலை. பொய்ங்கிறதும் அதுதான், காலி லிஸ்ட்டும் அதுதான். ஸ்கீம்ல இது ரெண்டும் தனித்தனி. அதுலயும் ஒரு திருப்பம் இருக்கு. ஸ்கீம்ல ஃபால்ஸ் மட்டும்தான் பொய். காலி லிஸ்ட்கூட 'உண்மை'ன்னுதான் கணக்கு.

நம்ம தமிழையே பாருங்க. எழுத்துத் தமிழ்ல "இது என் பேனா அல்ல", "என்னிடம் பேனா இல்லை"ன்னு ரெண்டு சொல் இருக்கு. பேசும்போது? ரெண்டுக்கும் ஒரே "இல்ல". எலிஸ்ப் பேச்சுத் தமிழ், ஸ்கீம் எழுத்துத் தமிழ்னு வச்சுக்கோங்க.

நான் நில்லை எல்லா இடத்துலயும் காலி லிஸ்ட்டா மாத்தினேன். எலிஸ்ப்ல ரொம்ப சாதாரணமான லூப் ஒண்ணு உண்டு: லிஸ்ட்ல ஏதாவது இருக்கிற வரைக்கும் ஒவ்வொண்ணா எடுத்துட்டு மீதியை வச்சு ஓடு. கடைசியில நில் வரும், அது பொய், லூப் நின்னுடும். என்கிட்ட வந்தது காலி லிஸ்ட், ஸ்கீம் கணக்குல அது உண்மை. ஒழுங்கான ஸ்கீம்னா காலி லிஸ்ட்டோட மீதியைக் கேட்டதுமே எரர் போட்டிருக்கும். நான் எலிஸ்புக்காக அதையும் தளர்த்தி வச்சிருந்தேன். அதனால நில்-னு சொல்லியும் நிக்காம ஓடிட்டே இருந்துச்சு.

சரி, நில்லை ஃபால்ஸா மாத்துவோம்னு பார்த்தேன். இப்போ லூப் நிக்குது, ஆனா லிஸ்ட்டோட வால் முனையில ஃபால்ஸ் தொங்குது. ஸ்கீம் ஃபங்ஷன்கிட்ட கொடுத்தா "இது லிஸ்ட்டே இல்லையே"ங்குது.

இடம் பார்த்து மாத்தலாமான்னா, அதுவும் முடியாது. ஒரு ஃபங்ஷன் நில்லைத் திருப்பிக் கொடுத்தா, அது "கிடைக்கல"ன்னு சொல்லுதா, "ஒண்ணும் மிச்சம் இல்ல"ன்னு சொல்லுதா? எழுதினவருக்கே அந்தப் பிரிவினை தேவைப்படல. மாத்துற நான் எப்படி முடிவு பண்றது?

இதே சுவர்ல முன்னாடியே மோதினவங்க இருக்காங்க. க்னூ திட்டத்தோட கைல் (இதுவும் ஒரு ஸ்கீம்தான்) 90கள்ல தொடங்கினப்பவே, மத்த மொழிகளையும் ஸ்கீமா மாத்தி ஓட்டணும்ங்கிறது அதோட கனவு. ஈமேக்ஸும் க்னூவோடதுதானே, அதனால எலிஸ்பும் அந்தப் பட்டியல்ல இருந்துச்சு. 2011-ல வந்த கைல் 2.0-ல ஸ்கீமும் எலிஸ்பும் ஒரே இடைநிலை வடிவத்துக்கு கம்பைல் ஆகும். நில்லுக்கு அவங்க செஞ்சது என்ன தெரியுமா? ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. மூணாவதா ஒரு மதிப்பைச் சேர்த்தாங்க. "நீ பொய்யா?"ன்னு கேட்டா "ஆமா". "நீ காலியா?"ன்னு கேட்டாலும் "ஆமா".

ஆனா "நீயும் ஃபால்ஸும் ஒண்ணா?"ன்னு கேட்டா "இல்ல". காலி லிஸ்ட்டோட ஒப்பிட்டாலும் "இல்ல". ஏன்னா நில் ரெண்டுக்கும் சமம்னா, அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சமம்னு ஆயிடும். ஸ்கீமே உடைஞ்சிடும். வேகம் குறையாம இருக்க இன்னொரு வேலையும் பண்ணியிருக்காங்க. நில்லோட பிட் வடிவம் ஃபால்ஸ்ல இருந்து ஒரே ஒரு பிட்தான் மாறும், காலி லிஸ்ட்ல இருந்தும் ஒரே ஒரு பிட்தான். அந்த பிட்டை மறைச்சுட்டு ஒரே ஒப்பீட்டுல சோதிச்சிடலாம். ஈமேக்ஸ் இன்னும் தன்னோட சொந்த எலிஸ்ப் எஞ்சின்லதான் ஓடுது, அது வேற கதை. ஆனா இந்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஏன்னு சொல்றேன். என் முதல் வேலையில, ஒரு கிளினிக்கோட பழைய சாஃப்ட்வேர் டேட்டாவைப் புதுசுக்கு மாத்தினேன். 'மருந்து அலர்ஜி' கட்டம் நிறைய பேருக்குக் காலி. புதுசுல உண்டு, இல்லை ரெண்டுதான். நான் காலியா இருந்த எல்லாத்துக்கும் 'இல்லை' போட்டேன். சோதனை ஓட்டத்துல ஒரு நர்ஸ் அக்கா ஸ்கிரீனைக் காட்டி, "தம்பி, இவங்ககிட்ட நான் அலர்ஜி பத்திக் கேக்கவே இல்லையே. இல்லைன்னு போட்டிருக்கு?"ன்னாங்க.

எனக்கு வேர்த்துடுச்சு. அந்த அக்கா மட்டும் கவனிக்கலைன்னா, நான் போட்ட "இல்லை"யை நம்பி யாரோ ஊசி போட்டிருப்பாங்க. அன்னைக்கு ராத்திரியே 'தெரியாது'ன்னு மூணாவது ஆப்ஷன் சேர்த்தோம்.

மாத்துறவனோட வேலை, பழசுல இருக்கிற குழப்பத்தைத் தன் இஷ்டத்துக்குத் தீர்த்து வைக்கிறது இல்ல. குழப்பம் இருந்தா அதையும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்.

என் இன்டர்ப்ரெட்டர்லயும் மூணாவது நில் வந்தாச்சு. காலி லிஸ்ட்டோட நேரடியா ஒப்பிட்ட 11 இடத்தைத் தேடித் திருத்தினேன். ஃபேன் இப்போ அமைதி.

உங்க கோடுல "இல்ல"ங்கிறதுக்கு எத்தனை அர்த்தம் ஒளிஞ்சிருக்குன்னு இந்த வாரம் ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!