காத்திருந்த நிரலுக்கு என்ன விடை?



தரவு நகலாக்கத்தின் வேகம், இசைவு, மீட்பு பற்றியெல்லாம் இந்தக் கருத்தரங்கு பேசவிருக்கிறது. தலைமை உரைக்கு நான் எடுத்துக்கொள்வது பார்வைக்குச் சிறிய ஒரு கேள்வி. வாடிக்கையாளர் முதன்மை சர்வரில் முகவரியை மாற்றுகிறார். அடுத்த நொடி நகல் சர்வரிலிருந்து வரும் பக்கம் பழைய முகவரியையே காட்டுகிறது. இதைத் தவிர்க்க, நகல் ஒரு குறிப்பிட்ட இடத்தை எட்டும்வரை நிரலைக் காத்திருக்க வைக்கிறோம். அந்தக் காத்திருப்பு முடியும்போது நிரலுக்கு என்ன விடை தர வேண்டும்? அடுத்து செய்ய வேண்டிய காரியம் எங்கே வேறுபடுகிறதோ, அங்கே விடையும் வேறுபட வேண்டும். காரியம் ஒன்றே என்றால் விடையும் ஒன்றே போதும். இதுதான் என் வாதம்.

மை எஸ்க்யூஎல்லின் பழைய மாஸ்டர்_பாஸ்_வெயிட் இந்த அளவுகோலில் தேறாது. வெற்றி என்றால், எத்தனை லாக் நிகழ்வுகளுக்காகக் காத்திருந்தது என்ற எண்ணைத் தரும். கெடு கடந்தால் -1 தரும். நகலின் எஸ்க்யூஎல் திரெட் ஓடாவிட்டாலும், நகலாக்க விவரங்கள் அமைக்கப்படாவிட்டாலும், கொடுத்த மதிப்புகளே தவறென்றாலும் கிடைப்பது ஒரே வெற்று மதிப்பு. முதலாவதற்குத் திரெட்டை ஓடவிட வேண்டும், இரண்டாவதற்கு அமைப்பைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவதற்கு நிரலைத் திருத்த வேண்டும். மூன்று மருந்துக்கும் ஒரே சீட்டு! எந்த முடிவுக்கும் உதவாத நிகழ்வு எண்ணிக்கையோ துல்லியமாக வருகிறது. பின்னர் வந்த வெயிட்_ஃபார்_எக்சிக்யூட்டட்_ஜிடிஐடி_செட் இதை ஒழுங்குபடுத்தியது: எட்டிவிட்டால் 0, கெடு முடிந்தால் 1, ஜிடிஐடி (பரிவர்த்தனைகளுக்கான உலகளாவிய அடையாளம்) வசதியே முடக்கப்பட்டிருந்தால் பிழை.

கெடு முடிவதைத் தோல்வி என்று எண்ணுவதுதான் இத்துறையின் பெரிய குழப்பம். கெடு முடிந்தது என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்றுதான் பொருள். ரெடிஸில் ‘வெயிட் 2 100’ என்றால் இரண்டு நகல்களுக்காக 100 மில்லிநொடி காத்திரு என்று அர்த்தம். ஒரு நகல்தான் ஒப்புகை தந்ததென்றால் விடை 1, பிழை எழாது. போதுமா என்பதை அழைத்தவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மோங்கோடிபி அதற்கு மாறாகக் கெடு முடிந்ததும் பிழை தரும். ஆனால் முதன்மையில் எழுதியதை அழிக்காது. போஸ்ட்கிரெஸில் ஒத்திசைவு நகலாக்கத்துக்கான காத்திருப்பை இடையில் ரத்து செய்தால் வருவது எச்சரிக்கை மட்டுமே: பரிவர்த்தனை உள்ளூரில் உறுதியாகிவிட்டது, நகலுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம் என்று அது சொல்லும். அந்த இடத்தில் பிழை எழுப்பியிருந்தால், எழுத்தே நடக்கவில்லை என்று நம்பிய நிரல் அதே பணப்பதிவை இரண்டாம் முறை எழுதியிருக்கும்.

நகல் குறிப்பிட்ட இடத்தை எட்டும்வரை காத்திருக்கும் வசதியை போஸ்ட்கிரெஸ் குழு 2024-இல் ஒரு செயல்முறையாகச் சேர்த்து, பின்பு திரும்பப் பெற்றது. பிறகு அது ‘வெயிட் ஃபார்’ கட்டளையாக வடிவெடுத்தது. அதன் நிலைத்தகவல்கள் மூன்று: வெற்றி, கெடு முடிவு, மீட்பு நிலையில் இல்லை. இடையில் நகல் முதன்மையாக உயர்த்தப்பட்டால், கேட்ட இடம் அதற்கு முன்பே எட்டப்பட்டிருந்தாலொழிய, மூன்றாவது விடை வரும். கெடு முடிந்தால் மறுபடி காத்திருக்கலாம். உயர்த்தப்பட்ட சர்வரிடம் எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை, வேறு முடிவு எடுத்தாக வேண்டும். ஆகவே பிரித்தது சரி.

வெற்றியைத் தவிர மற்ற அனைத்தையும் பிழையாக்கிவிடலாமே, நிலைத்தகவலை யார் படித்துப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் ‘வெயிட் ஃபார்’ இயல்பாகப் பிழை எழுப்புகிறது. கேட்டுக்கொண்டவருக்கு மட்டும் நிலைத்தகவல் தருகிறது. ஆனால் அந்தக் கதவையும் மூடிவிட முடியாது. போஸ்ட்கிரெஸில் பரிவர்த்தனைக்குள் எழும் பிழை அந்தப் பரிவர்த்தனையையே முறிக்கும். எதிர்பார்த்த தாமதத்துக்கு அது மிகையான தண்டனை. விடை வந்து சேர்வதற்குள் நிலை மாறிவிடுமே என்பது இன்னொரு ஆட்சேபம். உண்மைதான். ஆகவே விடை எதிர்காலத்துக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது; எந்த லாக் இடம்வரை நிறைவேறியது என்று நடந்ததைச் சொன்னால் போதும். நிலைகள் பெருகினால் சுமையும் பெருகும் என்பதற்கு, நான் முதலில் சொன்ன அளவுகோலே பதில்: காரியம் மாறாத இடத்தில் புது நிலை வேண்டாம்.

எனவே, இங்கே புதிய காத்திருப்புச் செயற்கூறுகளை முன்வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு விடைக்கும் எதிரே, அதைப் பெற்ற நிரல் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வரிகள் ஒன்றாயிருந்தால் அந்த இரண்டு விடைகளையும் சேர்த்துவிடுங்கள். ஒரே விடைக்கு இரண்டு வரிகள் தேவைப்பட்டால் பிரியுங்கள். அந்த அட்டவணை இல்லாத வடிவமைப்பைக் கேள்வி கேட்கும் உரிமை அவையினர் எல்லோருக்கும் உண்டு. இந்த எதிர்பார்ப்போடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.