அரை லிட்டர் தண்ணீர்



"எப்படிடா இளைச்சே?" என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். சாப்பாட்டுக்கு அரைமணி முன் அரை லிட்டர் தண்ணீர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 55 வயது தாண்டியவர்களிடம் சோதித்து, 2010-இல் வெளியிட்டார்கள். உணவைக் குறைத்து, இப்படியும் குடித்தவர்கள் 12 வாரத்தில் சுமார் 2 கிலோ கூடுதலாக இளைத்தார்களாம். தண்ணீர் கொழுப்பைக் கரைக்காதுங்க. வயிறு நிறைவதால் சோறு குறைகிறது. நான் சர்க்கரைக் காபியையும் விட்டேன்.

என் அறைத் தோழனிடமும் சொன்னேன். அவனுக்கு இதயம் பலவீனம், டாக்டர் தண்ணீரை அளந்துதான் குடிக்கச் சொல்லியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இளைக்கும் ஆசையில் அதை மீறிவிட்டான். பத்தே நாளில் கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரி. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

அதோ, மூன்றாவது வரிசையில் சிரிக்கிறான். டேய், அந்த டம்ளரைக் கீழே வை!