உங்க தொண்டைக்கு எவ்வளவு காற்று?

(நாமக்கல்லில் லாரி ஓட்டுநர்கள், அவர்களது குடும்பத்தினர் முன்னிலையில் நுரையீரல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லோடு ஏற்றக் காத்திருக்கிற நேரத்தில் வந்திருக்கீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

லாரி டயருக்கு எவ்வளவு காற்று பிடிக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வண்டிக்குப் பிடிச்ச அளவையே என் வண்டிக்கும் பிடினு யாரும் சொல்ல மாட்டீங்க. டயர் என்ன, லோடு என்னனு பார்த்துத்தான் பிடிப்பீங்க. ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சி-பாப் மெஷினில் மட்டும், மச்சான் வைத்த நம்பரையே நாமும் வைத்துக்கொள்கிறோம். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த நம்பரைப் பற்றித்தான்.

ராசிபுரம் பக்கத்து ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் வேண்டாம். கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். பரிசோதனை செய்ததில், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று தெரிந்திருக்கிறது. மெஷின் வாங்கிவிட்டார். அழுத்தம் எவ்வளவு வைப்பது? "மச்சான் 8-ல வச்சிருக்காரு, நல்லாத் தூங்குறாரு, எனக்கும் 8 வைங்க" என்று கடையில் சொல்லியிருக்கிறார், வைத்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறார். குறட்டை குறைந்துவிட்டது என்று வீட்டம்மாவுக்கும் சந்தோஷம்.

ஆனால் பகலில் கண் சொக்குவது நிற்கவில்லை. ஒரு விடியற்காலை, பெங்களூரு பக்கமிருந்து சேலம் நோக்கி வரும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத்தான் இவருக்குக் கண் திறந்திருக்கிறது. தொப்பூர் இறக்கம் எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கு நான் சொல்லணுமா? வீட்டுக்கு வந்ததும், "மெஷின் போட்டும் இப்படின்னா இது வேஸ்ட்டு" என்று தூக்கிப் பரண் மேல் போட்டுவிட்டார்.

மெஷின் நல்ல மெஷின்தாங்க. நம்பர்தான் மச்சானுடையது.

நோய் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்மையான சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. காற்று இறைக்காத ட்யூப் ஒட்டிக்கொள்கிற மாதிரி. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் நம்மை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்ப வருகிறது. நமக்கு எழுந்ததே ஞாபகம் இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு இப்படி எத்தனை தடவை என்பதை ஏ.எச்.ஐ. என்கிற எண்ணால் சொல்கிறோம். 5-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 15-க்கு மேல் நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது.

இதற்கு சிட்னியில் காலின் சலிவன் என்கிற மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மூக்கு வழியாகத் தொடர்ந்து காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றின் அழுத்தத்தாலேயே தொண்டையைத் திறந்து வைப்பது. 1981-ல் 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அந்த 5 பேருக்குமே ஒரே அழுத்தம் வைக்கவில்லை என்பதைக் கவனிங்க. 4.5-லிருந்து 10 வரை, ஆளுக்கொரு அளவு தேவைப்பட்டது. முதல் நாளிலிருந்தே கதை அப்படித்தான்.

அது என்ன 8, 10 என்கிற கணக்கு? தண்ணீரை 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தள்ளி நிறுத்துகிற அழுத்தம் 10. லாரி டயர் அளவில் பார்த்தால் 1 பி.எஸ்.ஐ. என்பது சுமார் 70 சென்டிமீட்டர் தண்ணீர். அப்படியென்றால் மெஷினில் 10 என்பது 1 பி.எஸ்.ஐ.யில் ஏழில் ஒரு பங்குதான். "காற்று வேகமா அடிச்சு நுரையீரல் வெடிச்சிருமா டாக்டர்?" என்று கேட்கிறவங்க கொஞ்சம் நிம்மதியாகலாம். சாதாரண சி-பாப் மெஷின்கள் 4-லிருந்து 20 வரை கொடுக்கும். அந்த 4-க்கும் 20-க்கும் நடுவில் உங்க நம்பர் எது என்பதுதான் கேள்வி.

கழுத்து பருத்தவருக்கு அதிகம், ஒல்லியானவருக்குக் குறைவு என்று நாங்களே ஒரு உத்தேசம் வைத்திருப்போம், பல சமயம் தவறிப்போகும். ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாதுங்க. தூங்க வைத்துத்தான் பார்க்கணும்.

அந்த ஓட்டுநரை ஒரு இரவு பரிசோதனைக் கூடத்தில் படுக்க வைத்தோம். தலையிலும் மார்பிலும் கம்பிகள், விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப், முகத்தில் மாஸ்க். அடுத்த அறையில் டெக்னீசியன் திரையைப் பார்த்தபடி இருப்பார். அழுத்தத்தை 4-ல் ஆரம்பித்து, மூச்சு நிற்பது தெரிந்தால் 1 கூட்டுவார், குறைந்தது 5 நிமிடம் பார்ப்பார், தேவையென்றால் மறுபடி 1 கூட்டுவார். முதலில் மூச்சு முழுசாக நிற்பது போகும், பிறகு அரைகுறைத் தடைகள், கடைசியாகக் குறட்டை.

இவருக்கு 8-ல் எல்லாம் அடங்கிவிட்டது. ஒருக்களித்துப் படுத்திருந்த வரைக்கும்! மச்சான் நம்பரே சரிதானோ என்று டெக்னீசியனுக்கே தோன்றியிருக்கும். நாலு மணி வாக்கில் மல்லாந்து படுத்தார், கனவுத் தூக்கம் ஆரம்பித்தது. கனவு வருகிற அந்தத் தூக்கத்தில் உடம்புத் தசைகள் மிகவும் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கு வேறு பின்னால் விழும். திரையில் பழையபடி மூச்சு நிற்க ஆரம்பித்தது. 9, 10, 11... 12-ல்தான் அடங்கியது. ஆக, வீட்டில் அந்த இரண்டு மாதமும் முன்னிரவில் நன்றாகத் தூங்கி, விடியற்காலையில் மூச்சு திணறிக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டம்மா அந்த நேரத்தில் அசந்து தூங்கியிருப்பாங்க, குறட்டை நின்றுவிட்டதாக நினைத்ததில் தப்பில்லை.

அதனால் பரிசோதனைக்குப் போகிறவங்க, "மூணு மணிக்கு வண்டி எடுக்கணும், கழட்டி விடுங்க" என்று அவசரப்படாதீங்க. கனவுத் தூக்கம் அதிகம் வருவது தூக்கத்தின் கடைசிப் பகுதியில்தான். மல்லாந்த நிலையில், கனவுத் தூக்கத்தில், 15 நிமிடமாவது மூச்சு சீராகப் போகிற அழுத்தம் கிடைத்தால்தான் அந்த நம்பரை முழுசாக நம்பலாம். வருடக்கணக்கில் இரவு ஓட்டிப் பகலில் தூங்கிப் பழகியவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்க.

இன்னொன்று, குடிக்கிற பழக்கம். மருத்துவமனையில் படுக்கிற அன்றைக்கு எல்லோரும் உத்தமர்கள்தான். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். குடிக்காத இரவில் கண்டுபிடித்த 12, குடித்த இரவில் போதாமல் போகலாம். உங்களைத் திட்டுவதற்காக நாங்கள் கேட்பதில்லை, கணக்கு சரியாக வரணுமே என்றுதான் கேட்கிறோம். தூக்க மாத்திரைக்கும் இதே பேச்சுத்தான்.

எல்லோரும் கூடத்தில் ஒரு இரவு படுத்தே ஆகணுமா என்றால், இல்லை. தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ மெஷின் இருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் வீட்டில் போட்டுத் தூங்கி, அதன் பதிவைக் கொண்டு வந்தால், பெரும்பாலான நேரம் எந்த அழுத்தத்துக்குள் உங்க தொண்டை திறந்திருந்தது என்று பார்த்து நம்பரைத் தீர்மானிக்கலாம். இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் குறுக்கு வழி ஒத்துவராது. ஆட்டோதானே, அதுவே பார்த்துக்கும் என்று 4 முதல் 20 வரை அப்படியே திறந்து விட்டுவிடுவதும் சரியில்லை. பதிவைப் பார்த்து மருத்துவர் அந்த இடைவெளியைச் சுருக்கித் தரணும்.

குறைவாக வைத்தால்தான் ஆபத்து, அதிகமாக வைத்தால் நல்லதுதானே என்று சிலர் நினைக்கிறாங்க. ஆத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ஆமாங்க, பெண்களுக்கும் இந்த நோய் வரும், மாதவிடாய் நின்ற பிறகு கூடுதலாகவே வரும். அவருக்கு 14 வைத்திருந்தது. காற்று வயிற்றுக்குள் போய் காலையில் வயிறு உப்புசம், ஏப்பம். மாஸ்க் ஓரத்தில் காற்று சீறி கண் எரிச்சல். "தூக்கத்துக்கு வாங்கின மெஷினே தூங்க விடலீங்க" என்றார். ஆட்டோவில் வைத்துப் பார்த்தால் அவருக்கு 7-க்குள்ளேயே எல்லாம் அடங்குகிறது. சிலருக்குத் தேவைக்கு மேல் அழுத்தம் கொடுத்தால் வேறு ஒரு சிக்கலும் வருவதுண்டு. தொண்டை திறந்தே இருக்கும், ஆனால் மூளை மூச்சு விடச் சொல்வதையே சற்று நிறுத்திவிடும்.

இப்போது உங்க கையில் இருக்கிற போனுக்கு வருகிறேன். மெஷின் வாங்குகிற முன்னாடியே அதுக்கு வேலை இருக்கு. தூங்குகிறவரை வீட்டில் ஒருவர் 5 நிமிடம் வீடியோ எடுத்து வாங்க. குறட்டை, ஒரு நிசப்தம், பிறகு திணறல். இதைப் பார்த்தாலே எங்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். விடியற்காலையில் எடுத்தால் இன்னும் நல்லது.

மெஷின் வந்த பிறகு, இப்போது வருகிற பல மெஷின்கள் போன் செயலியோடு இணைகின்றன. அதில் மூன்றை மட்டும் பாருங்க. எத்தனை மணி நேரம் போட்டிருந்தீங்க, காற்றுக் கசிவு எவ்வளவு, ஏ.எச்.ஐ. எவ்வளவு. மெஷின் போட்ட பிறகும் ஏ.எச்.ஐ. 5-க்கு மேலேயே பல நாள் நின்றால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்க. மெஷினுக்குள் ரகசிய மெனு திறப்பது எப்படி என்று வீடியோ பார்த்து நீங்களே அழுத்தத்தை மாற்றாதீங்க. முதலில் கசிவைப் பாருங்க. மாஸ்க் பொருந்தாமல் காற்று வெளியே போய்க்கொண்டிருந்தால் நம்பர் 12 என்று காட்டினாலும் தொண்டைக்கு 12 போய்ச் சேராது. டயரில் பஞ்சரை வைத்துக்கொண்டு காற்று பிடிப்பீங்களா? நம்ம ஊர் மீசைக்கு முழு முகமாஸ்க் பல பேருக்கு ஒட்டாது. மீசையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சின்ன மாஸ்க் இருக்கிறது, அதைக் கேளுங்க.

பழைய மெஷின் விலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவங்களுக்கு ஒரு வார்த்தை. முந்தைய ஆளுடைய நம்பர் அதில் அப்படியே இருக்கும். அதோடு, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே இருக்கிற நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கக்கூடும் என்று பல மாடல்களை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. மாடலையும் வரிசை எண்ணையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீங்க. கேபினில் போட்டுத் தூங்க நினைக்கிறவங்க, வண்டி பேட்டரி 24 வோல்ட் ஆச்சே என்று ஒயரை நேராகச் சொருகாதீங்க. அந்த மெஷினுக்கென்று இருக்கிற கன்வெர்ட்டர் வழியாகத்தான் கொடுக்கணும்.

"டாக்டர், வெளியே தெரிஞ்சா வண்டி தர மாட்டாங்க, லைசென்சுல கை வைப்பாங்க" என்கிற பயம் உங்க எல்லோருக்கும் இருக்கிறது. எனக்குப் புரியுது. பிழைப்பு அதுதானே. ஆனால் அமெரிக்காவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தின் ஓட்டுநர்களை வைத்து ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டாங்க. இந்த நோய் இருந்தும் சிகிச்சையைத் துளியும் கடைப்பிடிக்காதவர்களுக்கு, தவிர்த்திருக்கக்கூடிய கடுமையான விபத்துகள் 5 மடங்கு. மெஷினை ஒழுங்காகப் போட்டவர்களின் கணக்கு நோய் இல்லாத ஓட்டுநர்களைப் போலவே இருந்தது. சரியான அழுத்தத்தில் தினமும் போட்டுத் தூங்குகிற ஓட்டுநரைப் பார்த்து முதலாளி பயப்பட ஒன்றுமில்லை. உங்க போனில் இருக்கிற பதிவே அதற்குச் சாட்சி.

எங்கே போவது என்றால், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவில் முதலில் காட்டுங்க. அழைத்துக் கேட்க 104 இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தம் பார்க்கிற ஊழியரிடம், மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, குறட்டையும் இருக்கிறது என்று சேர்த்துச் சொல்லுங்க. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஒருமுறை கண்டுபிடித்த நம்பர் ஆயுளுக்கும் அப்படியே நிற்காது. எடை 10 சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ மறுபடி பார்க்கணும்.

அந்த டேங்கர்காரர் மெஷினைப் பரணிலிருந்து இறக்கி, இப்போது 12-ல் போடுகிறார். போன மாதம் வந்தபோது செயலியில் ஏ.எச்.ஐ. 3 காட்டியது. மச்சானையும் கூட்டி வந்திருந்தார். மச்சானும் இதுவரை பரிசோதனை எதுவும் செய்யாமல், வேறு யாரோ சொல்லித்தான் 8 வைத்திருக்கிறார். அவருக்கு வருகிற வாரம் பார்க்கிறோம்.

பின்வரிசையில் கை தூக்கின அண்ணே, நீங்க கேளுங்க.