கரிசலில் தேங்கும் தண்ணீர்

வைகாசியில் பால் காய்ச்சிக் குடிபோன புதுவீடு. கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, நாலு ரோஜாச் செடி. ஐப்பசியில் மழை பெய்கிறது. மறுநாளே தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. கொல்லையில் மட்டும் மூன்று நாளாகியும் அப்படியே நிற்கிறது. சுவரோரம் ஈரம் ஏறுகிறது. வீடு கட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "மழைன்னா தண்ணி நிக்கத்தானண்ணே செய்யும்" என்கிறார்.

விளாத்திகுளம் வட்டாரத்தில் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நம் காலுக்குக் கீழே இருப்பது கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் நனைந்து உப்பினால் சுவர் கீறல் விடும். கொல்லையில் தண்ணீர் நின்றால் வாழை அழுகுவதோடு போகாது, வீடே சேதப்படும்.

ஏன் தேங்குகிறது? மனையை உயர்த்த இடிபாடும் கிராவலும் கொட்டி, மேலே ஒரு சாண் செம்மண் பரப்புகிறார்கள். மழைநீர் அதன் வழியே இறங்கி, அடியில் கிடக்கும் கரிசலில் முட்டி நிற்கிறது. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். தொட்டி கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. "ஒரு உறிஞ்சுகுழி வெட்டினால் சரியாகிவிடும்" என்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்து மணலுக்கு அது சரி. உப்பிய கரிசலில் தண்ணீர் லேசில் இறங்காது. குழி நிரம்பி நிற்கும். இங்கே தண்ணீர் ஓடுவதற்கு வழி வேண்டும். மிளகாய் போட்ட சம்சாரி மழை விட்டதும் மண்வெட்டியோடு வடிகால் வெட்டப் போவது இதனால்தான்.

ஆகவே கட்டியவரிடம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். சுவரிலிருந்து பத்தடிக்கு அரையடி சரிவு. வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம். மாடித் தண்ணீர் சுவரோரம் கொட்டாமல் மழைநீர்த் தொட்டிக்குப் போகக் குழாய். தாழ்ந்த மூலையிலிருந்து தெரு வடிகாலுக்கு ஒரு போக்கு; பக்கத்து மனைக்குத் திருப்பிவிடக் கூடாது.

நியாயமும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அந்த மழைக்குக் கட்டியவர் பொறுப்பாக முடியாது. சரிவை மறித்து நாமே பூப்பாத்தி கட்டியிருந்தால் அதுவும் அவர் குற்றமில்லை. சாதாரண மழைக்கே நாள்கணக்கில் நின்றால் அது வேலையின் குறை.

மழை நின்ற அன்றே படம் எடுங்கள். ஒரு குச்சியை நட்டு, தினமும் தண்ணீர் மட்டத்தைத் தேதியோடு குறியுங்கள். பிறகு அவரை நேரில் அழைத்து, மட்டக்குழாய் பிடித்து இருவருமாகப் பாருங்கள். எந்த வேலை, எந்தத் தேதிக்குள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வரவில்லை என்றால் ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள்.

அதற்கும் அசையாதவருக்குச் சட்டம் இருக்கிறது. ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் வரும் திட்டத்தில் வாங்கிய வீடு என்றால், ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் தெரிவிக்கும் கட்டுமானக் குறையை, வேலைத்தரக் குறையை, 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. சொந்த மனையில் காண்டிராக்ட் விட்டுக் கட்டிய வீடு என்றால் நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவதும் அதில் சேவைதான். கட்டியவர் மதுரைக்காரராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். குறை தெரிந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் வீட்டைச் சோதித்துப் பார்ப்பது கோடைகாலக் கிரகப்பிரவேசம் இல்லை, அடைமழை. கடைசித் தவணையில் ஒரு பங்கைக் கார்த்திகை தாண்டித்தான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கொல்லையில் தண்ணீர் வடிந்த பிறகு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.